நாலு விரல் பதிந்த சோப்பு

786
பூந்தமல்லி, சென்னை – 56
12.1.1995

அன்புத் தங்கை ஜரினாவுக்கு அக்கா வஹீதுன்னிசாவின் சலாம்.

ஒன்பது வயதில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய், நினைவிருக்கிறதா? அம்மா மவுத்தான அன்று கொல்லையில் வேட்டியைத் திரையாகக் கட்டி அவள் மையித்தைக் கடைசியாகக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நீ என் தாவணியைப் பிடித்தபடி திரை ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, சோப்பு கண்ணுல போவுதே, அம்மாவுக்கு எரியாதா?" என்றாய். எனக்குப் பதினான்கு வயது. பதில் தெரியவில்லை. தெரியாத ஆசிரியர்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். உன் தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

இப்போது ஏன் அது ஞாபகம் வந்தது என்றால், நான் சோப்பு செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே. வாதத்தில் விழுந்த வலக்கையும் வலக்காலும் உன் மச்சானுக்கு இன்னும் வரவில்லை. நாக்கு மட்டும் நன்றாகத் திருந்திவிட்டது. டீயில் சர்க்கரை போதவில்லை என்று தெளிவாகச் சொல்கிறார். ஒன்றரை வருடமாகப் படுக்கையில் இருப்பதால் முதுகுத் தோல் காகிதம்போல் ஆகி அங்கங்கே புண்ணாகிவிட்டது. கடைச் சோப்பு எதைப் போட்டாலும் எரிகிறது என்கிறார். என்னோடு வேலை பார்த்த நாகவல்லி டீச்சர் அம்பத்தூரில் பெண்களுக்கு வகுப்பு நடத்துகிறாள். பக்கத்து வீட்டுப் பொன்னம்மாளை மச்சானுக்குக் காவல் வைத்துவிட்டு நாலு நாள் போய்வந்தேன்.

காஸ்டிக் சோடாவை எல்லாம் நாம் தொட வேண்டாம். எண்ணெயையும் சோடாவையும் கம்பெனியிலேயே சேர்த்துக் காய்ச்சி, பனிக்கட்டி மாதிரிப் பாளமாக விற்கிறார்கள். பேஸ் என்று பெயர். அதைச் சின்னச் சின்னதாக வெட்டி, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு கிண்ணம் வைத்து அதில் உருக்க வேண்டும். நேராக நெருப்பில் வைக்கக் கூடாது. தலைமையாசிரியர் நேராக அதட்டினால் பிள்ளை மிரண்டுபோகும்; நடுவில் ஒரு டீச்சர் நின்று சொன்னால் கேட்கும். அந்த டீச்சர்தான் நடுவில் உள்ள தண்ணீர். உருகியதும் இறக்கி, மேலே ஆடை படியப் போகும் நேரத்தில் வாசனை வேண்டுமென்றால் சேர்த்து அச்சில் ஊற்ற வேண்டும். அப்புறம் ஐந்து மணி நேரம் தொடக் கூடாது.

நான் இரண்டு மணி நேரத்தில் தொட்டுவிட்டேன். முப்பத்தாறு வருடம் பிள்ளைகளைப் பொறுமையாக இருக்கச் சொன்னவள்! அச்சிலிருந்து எடுத்தபோது ஒரு சோப்பில் என் நாலு விரலும் பதிந்து பள்ளமாகிவிட்டது. அதையும் சேர்த்து மூன்று அனுப்புகிறேன். பள்ளம் விழுந்ததைப் பாத்திரம் கழுவ வைத்துக்கொள்.

உன் வீட்டுக்காரர் தஸ்தகீர் தம்பிக்கு சலாம். மகள் கமருக்கு என் துஆ. உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது. போன கடிதத்தில் எழுதவில்லை.

அக்கா,
வஹீதுன்னிசா


நாக்பூர்
6.2.1995

அக்காவுக்கு ஜரினா சலாம் சொல்லி எழுதறது. நான் நல்லா கீறேன். இவரு நல்லா கீறாரு, ரயில்வேயில இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் கீது. கமர் நல்லா கீறா. நோன்பு நடக்குது. இந்த வருஷம் எனக்கு நோன்பு வெக்க முடியல, அது ஒண்ணும் இல்ல, பித்தம்.

நான் அஞ்சாங்கிளாஸ், பேசறா மாதிரிதான் எழுதுவேன். சிவப்பு மசியால திருத்தி அனுப்பாதே.

சோப்பு வந்துது. கமரு ஒண்ணு எடுத்துக்கினா. அவங்க அப்பாவுக்கு ஒண்ணு. பள்ளம் உளுந்தத நான் எடுத்து வெச்சிக்கினேன். அதுல என் நாலு வெரல வெச்சிப் பாத்தேன். உன் கை பெரிசு அக்கா, அந்தக் காலத்துலயே குட்டு பலமாத்தான் உளும். அதப் பாத்திரம் கழுவ எல்லாம் மாட்டேன்.

அந்தக் கேள்விய நீ ஞாபகம் வெச்சிக்கினு கீறியே! அன்னிக்கு ராத்திரி நான் இன்னொண்ணும் சொன்னேன், அத மறந்துட்ட. "எனக்கு நீதான் குளிப்பாட்டணும், நீன்னா கண்ணுல சோப்பு போடமாட்ட"ன்னேன். நீ இன்னா சொன்ன? "நான் பெரியவ, நான்தான் முந்திப் போவேன், நீதான் எனக்குக் குளிப்பாட்டணும்"ன்ன. ரெண்டு பேரும் அதுக்கு சண்ட போட்டம். நம்ம அத்தா வந்து ரெண்டு பேர் முதுவுலயும் ஒண்ணு வெச்சாரு.

மச்சானுக்குப் புண்ணு ஆறிச்சா? அவர உட்டுட்டு நீ எங்கயும் போவாதே. எழுதிப் போடு.

ஜரினா


பூந்தமல்லி
10.3.1995

அன்புள்ள ஜரினா,

சலாம். பெருநாள் நல்லபடியாக முடிந்தது. மச்சானுக்குப் புதுச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். புண் ஆறி வருகிறது. நம் சோப்பு எரியவில்லை என்று அவரே சொன்னார். அவர் வாயால் குறை சொல்லாத ஒரு வாக்கியம் வந்து பல வருடம் ஆகிறது.

நோன்பு வைக்க முடியாத அளவு பித்தமா? எந்த டாக்டரிடம் போனாய்? என்ன சொன்னார்? கேள்விக்கு ஒரு வரியிலாவது விடை எழுது, மதிப்பெண் தருகிறேன்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். அந்தச் சோப்பு சில நாளில் வேர்க்கும். மேலெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். பொன்னம்மாள் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா, உங்க சோப்புக்குக் காய்ச்சலா இன்னா? இப்பிடி வேத்துக்கினு கீது!" என்று கேட்டாள். கெட்டுப்போகவில்லை. அதில் கிளிசரின் இருப்பதால் காற்றில் உள்ள ஈரத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்கிறது. வகுப்பில் சில பிள்ளைகள் இருப்பார்கள், யார் அழுதாலும் தாங்கள் அழுவார்கள். அந்த மாதிரி. துணியில் சுற்றி ஒரு டப்பாவில் மூடி வைத்தால் போதும்.

மையித்துக் குளிப்பாட்ட இப்போதும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போன மாதம் மட்டும் மூன்று வீடு. இளம் பெண்கள் யாரும் பழக முன்வருவதில்லை, பயப்படுகிறார்கள். நம் சண்டையை நான் மறக்கவில்லை. இப்போதும் அதையே சொல்கிறேன். நான்தான் பெரியவள்.

அக்கா


நாக்பூர்
2.5.1995

அன்புள்ள பெரியம்மாவுக்கு சலாம். அம்மா சொல்லச் சொல்ல கமருன்னிசா எழுதுகிறேன். அரிவாள்மனையில் அம்மாவின் வலது கை விரல் வெட்டுப்பட்டிருக்கிறது. அதனால்தான் பதில் எழுதத் தாமதம்.

இனி அம்மா சொல்வது:

அக்கா, நான் நல்லா கீறேன். இங்க வெயிலு மண்டையப் பொளக்குது. ஒடம்பெல்லாம் வேர்க்குரு, அரிப்பு. உன் சோப்பு மாதிரி நானும் வேத்துக்கினு கீறேன். எனக்கு ஒரு சோப்பு செஞ்சி அனுப்பு. கலரு வாணாம், சென்ட்டு வாணாம். எலந்தை எலைய அரைச்சி உடு, கொஞ்சம் சூடம் போடு. அரிப்புக்கு நல்லதுன்னு இங்க சொல்றாங்க. போன தபா மாதிரி அவசரப்பட்டு எடுத்து உன் வெரல் பதிஞ்சி இருந்தாலும் பரவால்ல. பதிஞ்சே இருக்கட்டும்.

நாள் கடத்தாதே. பக்ரீத்துக்கு முன்னாலயே வந்தா தேவல.

மச்சானுக்கு சலாம்.

ஜரினா சொல்ல,
கமருன்னிசா


பூந்தமல்லி
9.5.1995

அன்புள்ள ஜரினா,

நலம். நலமறிய ஆவல். கை விரலில் மஞ்சள் வைத்துக் கட்டு. ஐம்பத்தைந்து வயதில் அரிவாள்மனையிடம் வெட்டு வாங்குகிறாயே, கீரை நறுக்குவதற்கு முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொள்.

உனக்கு இந்த யோசனையை யார் சொன்னார்கள்? இலந்தை இலையும் சூடமும் எதற்கு என்று உனக்குத் தெரியாதா? மையித்துக் குளிப்பாட்டும் தண்ணீரில்தான் இலந்தை இலை போடுவோம்; கடைசித் தண்ணீரில் சூடம். அந்த வாசனை என் கையில் ஏறினால் இரண்டு நாள் போகாது. நான் பிசைந்த சோற்றை மச்சான் வேண்டாம் என்று தள்ளிவிடுவார். உயிரோடு இருப்பவள் அதைப் பூசிக்கொண்டு வீட்டில் நடமாடுவாளா? வேர்க்குருவுக்கு வெட்டிவேரைவிட நல்லது எது? அதை ஊறவைத்துக் காயவைத்து இடித்துத் தூளாக்கி, ரோஜாத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, அழகான இளம்பச்சையில் நாலு செய்து இன்றே பார்சல் அனுப்புகிறேன்.

இந்த முறை ஐந்து மணி நேரம் முழுதாகக் காத்திருந்தேன். ஒரு விரல்கூடப் பதியவில்லை. கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கிறது. நாகவல்லிக்கே காட்டலாம்.

உன் மச்சான், "நாக்பூருக்கு எல்லாத்தையும் அனுப்பிட்டா என் முதுவுக்கு இன்னா பண்ணுவ?" என்று கேட்கிறார்.

அக்கா


நாக்பூர்
19.6.1995

அக்காவுக்கு சலாம்.

நல்லா கீறேன். நீங்க நல்லா இருக்க துஆ செய்யறேன்.

பச்ச சோப்பு வந்துது. நல்ல வாசன. எல்லாரும் கேட்டாங்க. சூடம் போட்டிருந்தா தேவலாம். பரவால்ல.

கையெழுத்து கோணலா கீது, உட்டுடு. நானே எழுதணும்னு எழுதறேன். சின்ன வயசுல பேசினது எல்லாம் மனசுல வெச்சிக்காதே அக்கா. கொழந்தைங்க ஆயிரம் பேசும். மச்சானுக்கு உன்ன உட்டா ஆளு இல்ல. அவருக்குத் தாகம்னா யாரு தண்ணி குடுப்பாங்க. நீ அங்கதான் இருக்கணும். எனக்கு வருத்தம் இல்ல.

கமர் ரொம்ப சமத்தா கீறா.

ஜரினா


பூந்தமல்லி
3.7.1995

என் கண்ணே ஜரினா,

சலாம்.

நேற்றுக் காலை நம் பழைய தெருவில் ஒரு வீட்டில் மவுத். அந்தம்மாவுக்கு உன் வயதுதான். நானும் இரண்டு பேரும் குளிப்பாட்டினோம். எப்போதும்போல் முதல் சொம்புத் தண்ணீரை என் மணிக்கட்டின் உட்பக்கம் ஊற்றிச் சூடு பார்த்தேன். இலந்தை இலைத் தண்ணீர் ஊற்றியாயிற்று. கடைசிச் சொம்பில் சூடத்தைக் கசக்கிப் போட்டேன். அந்த வாசனை மேலே வந்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. "கலரு வாணாம், சென்ட்டு வாணாம்" என்று என் காதருகில் நீ சொன்ன மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்றவள், "டீச்சரக்கா, இன்னா ஆச்சு?" என்று தோளைத் தொட்டாள். மிச்சத்தை அவள்தான் ஊற்றினாள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் வரிசையாக வைத்துப் படித்தேன். நோன்பு வைக்க முடியவில்லை. விரலில் வெட்டு. கோணல் எழுத்து. வருத்தம் இல்லை. மக்குப் பிள்ளைக்குக்கூட இத்தனை முறை சொன்னால் புரிந்திருக்கும். முந்நூறு பேரைக் குளிப்பாட்டியவளுக்குத் தன் தங்கை கேட்டது வேர்க்குருவுக்கு என்று தோன்றியிருக்கிறது. இளம்பச்சையும் ரோஜாத் தண்ணீரும் அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு நீ எந்தப் பதிலும் எழுத வேண்டாம். நேற்று மத்தியானமே அடுப்பை மூட்டினேன். கலர் இல்லை, சென்ட் இல்லை. இலந்தை இலை, சூடம். இரண்டு மணி நேரத்திலேயே எடுத்துவிட்டேன், வேண்டுமென்றே. மூன்றிலும் நாலு விரலும் பதிந்திருக்கின்றன. இரண்டைப் பார்சலில் போட்டுவிட்டேன்.

பொன்னம்மாளிடம் பேசினேன். அவள் புருஷன் தன் கம்பெனியில் ஒரு வாரம் லீவு போட்டு மச்சானைத் தூக்கி உட்கார வைக்கச் சம்மதித்துவிட்டான். மச்சான் என்ன சொன்னார் தெரியுமா? "அவ கேட்டத நீ அப்பவே செஞ்சி அனுப்பி இருக்கணும். போ. நான் எங்க ஓடிடப்போறேன்?" பதினான்காம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அதற்கு முன்னால் இடமில்லை.

வருகிறேன். பதினைந்தாம் தேதி உன் தலையை நான் சீவிவிடுவேன். அதுவரை இரு.

அக்கா


நாக்பூர்
13.7.1995

அன்புள்ள பெரியம்மாவுக்கு கமருன்னிசா எழுதுவது. தந்தி கிடைத்திருக்கும். பெரியப்பா எப்படி இருக்கிறார்? டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள் என்று அப்பா தந்தியிலேயே சொல்லியிருந்தார். நாற்பதாம் நாளுக்கு முன்னால் நாங்களே அங்கு வருகிறோம்.

போன வருடமே அம்மாவுக்கு மார்பில் கட்டி இருப்பது தெரியும். ஆபரேஷன் செய்தும் கைக்குப் பரவிவிட்டது. அதனால்தான் எழுத முடியவில்லை, அரிவாள்மனை இல்லை. உங்களுக்கு எழுதக் கூடாது என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "அவளுக்குத் தெரிஞ்சா ரெண்டு பக்கமும் கிழிஞ்சிடுவா" என்றார். என்னை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் கடிதம் ஏழாம் தேதி வந்தது. முழுவதும் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "டீச்சருக்கு இப்பத்தான் பாடம் புரிஞ்சுதா" என்று சிரித்தார். மறுநாள் விடியற்காலை, பஜ்ர் தொழுகைக்கு முன்னால் போய்விட்டார். பார்சல் பத்தாம் தேதிதான் வந்தது.

ஜனவரியில் வந்த அந்தப் பள்ளம் விழுந்த சோப்பைத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்திருந்தார். ஒரு தடவைகூடத் தேய்க்கவில்லை. அவ்வப்போது திறந்து, வேர்த்திருந்தால் துடைத்துவிட்டு மூடுவார். "உங்க பெரிம்மா வர முடியாது. அவ கைன்னு நெனச்சி இதப் போடு" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அதைத்தான் போட்டோம். பக்கத்து வீட்டு அம்மாமார் இரண்டு பேர் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தமிழ் தெரியாது. தேய்த்தது நான். உங்கள் விரல் பள்ளத்தில் என் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டேன். அது கரையும் வரை தேய்த்தேன்.

பெரியம்மா, ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. யாரிடமும் சொல்லவில்லை. அவசரத்தில் நான் தண்ணீரின் சூட்டைப் பார்க்கவில்லை. ஆவி பறந்துகொண்டிருந்தது. இரண்டாவது சொம்பு ஊற்றிய பிறகுதான் உங்கள் கடிதத்தில் மணிக்கட்டு என்று படித்தது ஞாபகம் வந்தது. அம்மாவுக்குச் சுட்டிருக்குமா?

நீங்கள் அனுப்பிய இரண்டு சோப்பும் அலமாரியில் இருக்கின்றன. மையித்துச் சோப்பு, வீட்டில் வைக்காதே, தூக்கிப் போடு என்கிறார்கள். என்னால் முடியவில்லை. பயன்படுத்தவும் முடியவில்லை. என்ன செய்யட்டும்?

கமருன்னிசா


பூந்தமல்லி
24.7.1995

என் மகள் கமருன்னிசாவுக்கு,

சலாம். உன் அப்பாவைச் சாப்பிடச் சொல். நீயும் சாப்பிடு. பெரியப்பா நன்றாக இருக்கிறார். தந்தி வந்த அன்று, அசையாத வலக்கையை இடக்கையால் தூக்கி என் மடியில் வைத்தார்.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. உடனே பதில் எழுதியிருக்க வேண்டும். உன் அம்மா கேட்ட கேள்விக்கு நாற்பத்தைந்து வருடம் பதில் சொல்லாதவள், உன்னையும் ஒரு வாரம் காக்க வைத்துவிட்டேன்.

சுடாது, கமர். சோப்பு கண்ணில் போனாலும் எரியாது. உயிர் போன உடம்புக்கு எதுவும் தெரியாது. ஆனால் எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர்கள் முதல் நாளே சொன்னது, தெரியும் என்று நினைத்துக்கொண்டே செய் என்பதுதான். பச்சைப் பிள்ளையைப் பிடிப்பதுபோல் கழுத்தைப் பிடி. முடியில் சிக்கு இருந்தால் இழுக்காதே. தண்ணீர் சூடா என்று உன் தோலில் பார். நீ சூடு பார்க்கவில்லை, சரி. ஆனால் இரண்டாவது சொம்பில் நினைவு வந்து பதறினாய் அல்லவா? அந்தப் பதற்றம் இருக்கிற கையைத்தான் உன் அம்மா தேடினாள். அது கிடைத்துவிட்டது. பதறாமல் ஊற்றுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தரையைக் கழுவுவதுபோல் ஊற்றுவார்கள்.

சோப்பைத் தூக்கிப் போடாதே. அதில் இருப்பது பேஸும் இலையும் கொஞ்சம் சூடமும்தான். உண்மையிலேயே வேர்க்குருவுக்கும் கேட்கும். உன் அம்மா பொய்யைக்கூட விசாரித்துத்தான் சொல்லியிருக்கிறாள். ஒன்றை நீயும் அப்பாவும் தேய்த்துக் குளித்துத் தீர்த்துவிடுங்கள். இன்னொன்று இருக்கட்டும், நாற்பதாம் நாளுக்கு வரும்போது கொண்டுவா. பெரியப்பா முதுகுக்குப் போடுவோம்.

மூன்று செய்தேன் என்று எழுதியிருந்தேனே, மூன்றாவது என் பீரோவில், துணிக்கு அடியில் இருக்கிறது. அது எனக்கு. ஜரினாதான் எனக்குக் குளிப்பாட்ட வேண்டும் என்று அந்த நாளில் சண்டை போட்டேன். அவள் முந்திக்கொண்டாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. நான் சொல்ல வருவது உனக்குப் புரியும். நீ உன் பெரியம்மாவைப்போல் மக்கு இல்லை. நாக்பூர் தூரம்தான். அன்றைக்கு உன்னால் வர முடியாமல் போகலாம். போனாலும் எனக்கு வருத்தம் இல்லை. இதை உன் அம்மாவிடமிருந்துதான் கற்றுக்கொண்டேன். ஆனால் பழகிவைத்துக்கொள்.

எல்லோருக்கும் துஆ.

பெரியம்மா,
வஹீதுன்னிசா

பி.கு: நாளைக் காலையில் குளிக்கும்போது முதல் சொம்பைத் தலையில் ஊற்றிவிடாதே. இடது மணிக்கட்டைத் திருப்பி, அதன் உட்பக்கம் கொஞ்சமாக ஊற்றிப் பார்.